இருபது ஆண்டுகளை எழுதிக் கொடுத்த ஆசிரியர்: டாக்டர் ஜாகிர் ஹுசேன்

டாக்டர் ஜாகிர் ஹுசேன் யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால், இந்தியாவின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர் என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்ததைச் சொல்வார்கள். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதவியில் அவர் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் சில நாட்கள் குறைவு. அதற்கு வெகுகாலம் முன்பே, அரசின் அங்கீகாரமோ போதிய பணமோ சொந்தக் கட்டடமோ இல்லாத ஒரு கல்வி நிலையத்தை 22 ஆண்டுகள் தூக்கிச் சுமந்தார். அவரை அவராக ஆக்கியவை அந்த ஆண்டுகள்தான்.

இப்போது கல்லூரிகளில் அனுபவவழிக் கற்றல், சேவைவழிக் கற்றல் என்றெல்லாம் பேசுகிறார்கள். பாடத்தில் பாதியை வகுப்பறையில் படிப்பது, மீதியை ஊருக்குள் இறங்கி ஒரு வேலையைச் செய்து படிப்பது, செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதுவது, அதற்கும் மதிப்பெண் பெறுவது என்பது இதன் சுருக்கம். நம் வீடுகளில் இதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. பிள்ளை என்.எஸ்.எஸ். கேம்ப் போகிறேன் என்று வந்து நின்றால், படிப்பு கெடுமே, குளம் தூர் வாரவா பீஸ் கட்டினோம் என்று கேட்கிற பெற்றோர்தான் அதிகம். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. கடனை வாங்கிப் படிக்க வைக்கிறவர்களுக்குப் பிள்ளை சீக்கிரம் ஒரு வேலையில் உட்கார வேண்டும் என்ற கவலை இருக்கத்தான் செய்யும். இதே கேள்வியை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பு டெல்லியில் முஸ்லிம் பெற்றோர்களிடமிருந்து எதிர்கொண்டவர் ஜாகிர் ஹுசேன்.

1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாதில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் ஃபரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயிம்கஞ்ச். அஃப்ரீதி பட்டாணிய வம்சம். தந்தை ஃபிதா ஹுசேன் கான் ஹைதராபாதில் பெயர் பெற்ற வழக்கறிஞர். ஜாகிருக்குப் பத்து வயதாகும்போது தந்தை மறைந்தார். குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பியது. 1911-ல் பிளேக் நோய் தாயாரையும் கொண்டு போனது. யத்தீமாகிவிட்ட பையன் இட்டாவா நகரத்து இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தான். டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் லக்னோவில் அறிவியல் படிப்பில் சேர்ந்து, உடல்நலம் கெட்டதால் அதை விட்டுவிட்டு அலிகருக்கு வந்தார். அங்கே பொருளாதாரம் படித்தார். நன்றாகப் பேசக்கூடியவர், நண்பர்கள் சூழ இருப்பவர், கொஞ்சம் சோம்பேறி என்றும் பெயர். 1915-ல் ஷாஜஹான் பேகத்துடன் நிக்காஹ் நடந்தது.

1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்தார்கள். கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமையும் உச்சத்தில் இருந்த நேரம். அரசு உதவி பெறும் கல்லூரியை விட்டு மாணவர்கள் வெளியேற வேண்டும் என்பது அவர்களின் அழைப்பு. அந்த முதல் கூட்டத்தின்போது ஜாகிர் ஹுசேன் ஊரில் இல்லை. டாக்டர் அன்சாரியிடம் உடம்பைக் காட்ட டெல்லிக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது நண்பர்கள் சிலர் கூட்டத்தைக் கேலி பேசிக் கொண்டிருந்ததைக் கேட்டு மனம் கொதித்தது. அப்போது அவர் எம்.ஏ. மாணவர், கூடவே கல்லூரியில் பாடமும் நடத்தி வந்தார். அரசு வேலைக்கான பாதை திறந்தே இருந்தது. அவர் மறுபடியும் டெல்லிக்குப் போய், ஹகீம் அஜ்மல் கான் போன்ற தலைவர்களைச் சந்தித்து, வெளியேறும் மாணவர்களுக்குப் படிக்க ஓர் இடம் அமைத்துத் தந்தால் பலர் வரத் தயார் என்று சொன்னார். வெளியே வா என்று அழைப்பது சுலபம், வந்தவனுக்குப் பாயும் புத்தகமும் யார் தருவது என்ற எண்ணம் அந்த 23 வயது இளைஞருக்கு அப்போதே இருந்தது.

அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை, அலிகர் கல்லூரிப் பள்ளிவாசலிலேயே ஜாமியா மில்லியா இஸ்லாமியா தொடங்கி வைக்கப்பட்டது. ஷைகுல் ஹிந்த் மவுலானா மஹ்மூதுல் ஹசன் (ரஹ்) கடும் நோயோடு வந்திருந்தார். அவருடைய உரையை வேறொருவர்தான் வாசித்தார். அடுத்த மாதமே அவர் வஃபாத்தானார். மவுலானா முகம்மது அலி முதல் துணைவேந்தர், ஹகீம் அஜ்மல் கான் வேந்தர். கூடாரங்களிலும் வாடகை வீடுகளிலும் வகுப்புகள் நடந்தன. ஜாகிர் ஹுசேன் அங்கே இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, 1922-ல் மேற்படிப்புக்காக ஜெர்மனி போனார்.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதார அறிஞர் வெர்னர் சோம்பார்ட்டிடம் படித்து, பிரிட்டிஷ் இந்தியாவின் வேளாண் அமைப்பைப் பற்றி ஆய்வு எழுதி 1926-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஜெர்மனியில் அவர் கற்றதில் முக்கியமானது பொருளாதாரத்துக்கு வெளியே கிடைத்தது. மியூனிக் நகரத்துப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் நிர்வகித்த கெயார்க் கெர்ஷன்ஸ்டைனர் என்ற கல்வியாளர், பள்ளிக்கூடங்களுக்குள் பட்டறையும் சமையலறையும் தோட்டமும் கொண்டு வந்து, கைவேலை வழியாகவே அறிவும் ஒழுக்கமும் வளர வேண்டும் என்று வாதிட்டவர். அவருடைய கருத்துகள் ஜாகிர் ஹுசேனை ஆழமாகப் பாதித்தன.

படித்ததோடு நிற்கவில்லை. பெர்லினில் காவியானி என்று ஓர் அச்சகம் இருந்தது. பாரசீக எழுத்தில் அச்சிடும் வசதி உள்ள அச்சகம். கவிஞர் காலிபின் கவிதைத் தொகுப்பைக் கைக்கடக்கமாக, அழகாக அச்சிட ஜாகிர் ஹுசேன் ஆசைப்பட்டார். அச்சுக்கோப்பவர்களுக்கு உருது சரிவர வராது. அதனால் தாமே அச்சுக்கோக்கக் கற்றுக் கொண்டு, சில பக்கங்களைத் தம் கையாலேயே கோத்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தலைகீழாக அடுக்கி, பிழை திருத்தி, மறுபடி அடுக்கும் வேலை அது. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர் அச்சகத்தில் கை கறுக்க நின்றதைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். 1925-ல் வந்த அந்தச் சின்னப் புத்தகம் இன்றும் புத்தகச் சேகரிப்பாளர்கள் தேடுகிற பதிப்பு.

இதற்கிடையில் ஜாமியாவின் நிலை மோசமானது. 1924-ல் துருக்கியிலேயே கிலாஃபத் ஒழிக்கப்பட்டதும் இங்கே இயக்கம் ஓய்ந்தது. இயக்கத்திலிருந்து வந்த பணமும் நின்றது. மூடிவிடலாம் என்ற பேச்சு பலமாக எழுந்தது. ஹகீம் அஜ்மல் கான் விடவில்லை. தேவைப்பட்டால் பிச்சை எடுத்தாவது ஜாமியாவை நடத்துவோம் என்று காந்தியடிகளும் தைரியம் சொன்னார். 1925-ல் ஜாமியா அலிகரிலிருந்து டெல்லியின் கரோல் பாகுக்கு இடம் மாறியது. ஜெர்மனியில் இருந்த ஜாகிர் ஹுசேனும், அவருடைய நண்பர்கள் ஆபித் ஹுசேன், முகம்மது முஜீப் இருவரும், மூட வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று தெரிவித்தார்கள். 1926 பிப்ரவரியில் மூவரும் வந்து சேர்ந்தார்கள். ஜாகிர் ஹுசேன் துணைவேந்தர் ஆனார். அப்போது அவருக்கு வயது 29.

துணைவேந்தர் என்றதும் காரும் பங்களாவும் நினைவுக்கு வரும். இங்கே நிலைமை வேறு. 1927 டிசம்பரில் ஹகீம் அஜ்மல் கான் மறைந்ததும், இருந்த ஒரே பெரிய ஆதரவும் போனது. கடன் மேலே கடன். மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. இந்த நேரத்தில்தான், 1928-ல், ஜாகிர் ஹுசேனும் சக ஆசிரியர்களும் ஒரு சங்கமாகச் சேர்ந்து உறுதிமொழி எழுதிக் கொடுத்தார்கள். இருபது ஆண்டுகள் ஜாமியாவில் பணி செய்வோம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்க மாட்டோம் என்பது உறுதிமொழி. அந்த 150 ரூபாயும் உச்சவரம்புதான், கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. ஐரோப்பிய டாக்டர் பட்டத்துக்கு வெளியே எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இந்தத் தியாகத்தைப் புகழ்கிறவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்து விடுகிறார்கள். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டது ஆண்கள். அதன் பாரத்தை வீட்டுக்குள் சுமந்தது அவர்களுடைய மனைவிமார்கள். ஷாஜஹான் பேகம் அந்த வருமானத்தில்தான் விருந்தினர் ஓயாத ஒரு வீட்டை நடத்தினார். ஜாமியாவின் வரலாற்றில் அவர் பெயர் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும்.

சரி, அந்தக் கல்வி நிலையத்தில் என்னதான் நடந்தது? ஜாமியாவில் ஆரம்பப் பள்ளியிலிருந்து கல்லூரி வரை ஒரே வளாகம், ஒரே குடும்பம் போல. டெல்லிக்கு வந்த மறுவருடமே, 1926-ல், அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கு மாலை நேர வகுப்புகள் தொடங்கினார்கள். எழுத்தறியாத தொழிலாளிகளும் கடைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். கூட்டம் சேரச் சேரத் தனி அறைகள் கட்ட வேண்டி வந்தது. ஆரம்பப் பள்ளியில் சிறுவர்கள் ஒரு கடையும் ஒரு வங்கியும் நடத்தினார்கள். கணக்குப் பாடம் அந்தக் கடையின் வரவு செலவிலிருந்து வந்தது. செலவுக்குப் பணம் இல்லாதபோது ஹம்தர்தானே ஜாமியா, அதாவது ஜாமியாவின் அனுதாபிகள் என்ற பெயரில் ஓர் அமைப்பை உருவாக்கி, ஊர் ஊராகச் சிறு சிறு தொகைகளாகச் சந்தா திரட்டினார்கள். நவாபுகளின் கதவைத் தட்டுவதை விடச் சாதாரண மக்களின் காசில் நடப்பது மேல் என்பது அவர்களின் முடிவு. அரசு மானியத்தையும் நாடவில்லை.

இத்தனைக்கும் அங்கே வாங்கும் பட்டத்தை அரசு ஏற்கவில்லை. ஜாமியாவில் பிள்ளையைச் சேர்க்கிற தகப்பன் அரசு வேலையை மறந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அப்படியும் சேர்த்தார்கள். குறைந்த எண்ணிக்கைதான்.

ஜாமியா வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. மாணவர்கள் அழுக்கான, பாலிஷ் போடாத செருப்பும் ஷூவுமாக வருவதைப் பார்த்து, சுத்தமாக வரும்படி ஜாகிர் ஹுசேன் அறிவிப்புக் கொடுத்தார். யாரும் காதில் போட்டுக் கொள்ளவில்லை. ஒருநாள் காலையில் மாணவர்கள் வந்தபோது வாசலில் பாலிஷ் டப்பாவும் பிரஷ்ஷுமாக அவர் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களின் ஷூவைத் தாமே துடைத்துத் தருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு இன்னோர் அறிவிப்பு தேவைப்படவில்லை. எந்த வேலையும் இழிவில்லை என்பதை வகுப்பில் நின்று ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இந்தப் பலன் கிடைத்திருக்காது.

மற்றொரு சம்பவம் படிக்கிறவர்களின் நெஞ்சைப் பிசையும். பள்ளி விழா ஒன்றில் சிறுவர்களுக்கு அவர் இனிப்பு வழங்கிக் கொண்டிருந்தார். வீட்டிலிருந்து வந்த ஆள் காதோடு ஒரு செய்தி சொன்னார். அவருடைய சின்ன மகள் ரைஹானா இறந்து விட்டாள் என்ற செய்தி. அவர் முகம் வெளுத்தது, ஆனால் கை நிற்கவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்து முடித்த பிறகே வீட்டுக்குப் போனார். குழந்தைகள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிறகு சொன்னாராம். குழந்தைகளுக்காக உருதுவில் அவர் எழுதிய கதைகளை ருகையா ரைஹானா என்ற புனைபெயரில்தான் வெளியிட்டார்.

1935 மார்ச் 1 அன்று, அப்போது ஊருக்கு வெளியே இருந்த ஓக்லாவில் சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெரிய தலைவர் யாரையும் அழைக்கவில்லை. பள்ளியிலேயே வயதில் சிறிய மாணவனைக் கொண்டு கல்லை வைத்தார்கள்.

இனி வார்தா. 1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் காந்தியடிகள் அங்கே ஒரு கல்வி மாநாட்டைக் கூட்டினார். ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும், பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியரின் சம்பளத்தை ஈடு கட்டலாம் என்பது காந்தியின் யோசனை. வந்திருந்தவர்களில் பலர் தலையாட்டினார்கள். ஜாகிர் ஹுசேன் எழுந்து மறுத்துப் பேசினார். கைவேலை வழியாகக் கற்பிப்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை, உலகின் வேறு பகுதிகளில் கல்வியாளர்கள் முன்பே செய்து பார்த்தது என்றார். சம்பளத்தைப் பிள்ளைகளின் உழைப்பில் கட்டினால், ஆசிரியர் அடிமைகளை வேலை வாங்குகிற கங்காணியாகி விடுவார் என்றும் எச்சரித்தார். காந்தியின் முன்னால், காந்தி கூட்டிய மாநாட்டில் இதைச் சொன்னார். காந்தி கோபப்படவில்லை. திட்டத்தை வகுக்கும் குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்.

அந்தக் குழுவின் அமைப்பாளர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம். உறுப்பினர்களில் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும், வினோபாவும், கல்வியாளர் குலாம் சையதைனும் இருந்தார்கள். டிசம்பர் 2-ல் அறிக்கை தயாரானது. ஏழு ஆண்டுகள் இலவச கட்டாயக் கல்வி, தாய்மொழி வழியில், கைத்தொழிலை மையமாக வைத்து. பொருள் உற்பத்தியே நோக்கமாகிக் கல்வி பின்னுக்குப் போய்விடும் ஆபத்தை அந்த அறிக்கையே எடுத்துச் சொல்கிறது. அது ஜாகிர் ஹுசேனின் குரல் என்பதில் சந்தேகமில்லை.

இதற்காக அவர் சொந்த சமுதாயத்திடமிருந்து வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. இது காங்கிரஸ் திட்டம், தீனியாத் இல்லாத கல்வி, முஸ்லிம் பிள்ளைகளின் அடையாளத்தை அழிக்கும் சூழ்ச்சி என்று முஸ்லிம் லீக் கடுமையாக எதிர்த்தது. அந்த அச்சத்தை வெறும் அரசியல் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. திட்டத்தில் மார்க்கக் கல்விக்கு இடம் இல்லை என்பது உண்மை. அதே நேரத்தில், திட்டத்தை எழுதியவர் நடத்திய ஜாமியாவில் தீனியாத் பாடம் இருந்தது, தொழுகை இருந்தது, மார்க்க அறிஞர்களின் துணையும் இருந்தது. அரசியலில் எதிரும் புதிருமாக நின்றவர்கள் இரு தரப்பிலிருந்தும் அவரைச் சந்தேகித்தார்கள். அவர் பதிலுக்குப் பதில் அறிக்கை விடவில்லை. 1938-ல் ஜாமியாவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அங்கே ஆசிரியராக வரப்போகிறவர்கள் தாமும் கைத்தொழிலைக் கற்று, செய்து, அதன் வழியே பாடம் சொல்லப் பழகினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், மாலை வகுப்புகளாக இருந்த முதியோர் கல்வி ஒரு தனி நிறுவனமாக வளர்ந்தது. ஷஃபீகுர் ரஹ்மான் கித்வாய் அதை நடத்தினார்.

கைவேலையைப் பற்றி அவருடைய சிந்தனையை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பலர் நினைப்பது போல எல்லா வேலையும் கல்வி ஆகும் என்று அவர் சொல்லவே இல்லை. ஒருவன் நாள் முழுவதும் தக்ளியைச் சுற்றலாம், மனம் தூங்கிக் கொண்டே இருக்கும். வேலை கல்வியாக வேண்டுமானால், முதலில் செய்கிறவனுக்குப் பிரச்சினை தெளிவாகத் தெரிய வேண்டும். அதைத் தீர்க்கும் வழியை அவன் தன் மூளையால் திட்டமிட வேண்டும். பிறகுதான் கை வேலை செய்ய வேண்டும். முடிந்ததும், எங்கே சரியாக வந்தது, எங்கே கோணியது என்று தன்னையே கண்டிப்போடு சோதித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் நம் கல்லூரிகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்தாகி விட்டது, அறிக்கையும் அனுப்பியாகி விட்டது. கன்று பிழைத்ததா என்று மறுவருடம் போய்ப் பார்ப்பவர் யார்?

இதோடும் அவர் நிறுத்தவில்லை. கள்ள நோட்டு அடிப்பவனும் திட்டமிடுகிறான், நுணுக்கமாகச் செய்கிறான், பிழை திருத்துகிறான். அவன் திறமைசாலி, கற்றவன் ஆகமாட்டான். தன் லாபத்துக்காக மட்டும் செய்யும் வேலை ஆளைத் தேர்ச்சி பெற்றவனாக்கும். தன்னைவிடப் பெரிய ஒன்றுக்காக, பிறருக்காக, ஒரு மதிப்புக்குக் கட்டுப்பட்டுச் செய்யும்போதுதான் அவன் படித்த மனிதன் ஆகிறான் என்பது ஜாகிர் ஹுசேனின் முடிவு. 1958-ல் அகில இந்திய வானொலியில் நிகழ்த்திய பட்டேல் நினைவுச் சொற்பொழிவுகளில் இந்திய கல்விச் சீரமைப்பைப் பற்றி விரிவாகவே பேசினார். பெயருக்குத் தக்ளியைக் கையில் கொடுத்துவிட்டு ஆதாரக் கல்வி என்று பலகை மாட்டிய பள்ளிகளைப் பார்த்து அவரே மனம் வெதும்பினார். திட்டம் தோற்றது என்று சொல்கிறவர்கள், தோற்றது எது என்பதையும் பார்க்க வேண்டும்.

1946 நவம்பரில் ஜாமியாவின் வெள்ளி விழா. நாடு பற்றி எரிந்து கொண்டிருந்தது. அந்த மேடையில் ஒரு பக்கம் நேரு, ஆசஃப் அலி, நம் ராஜாஜி, மறுபக்கம் ஜின்னா, லியாகத் அலி கான். ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத தலைவர்களை ஓர் ஏழைக் கல்லூரி ஒரே மேடையில் உட்கார வைத்தது. ஜாகிர் ஹுசேன் அவர்களைப் பார்த்து, இந்தத் தீயை யார் மூட்டினார்கள் என்று ஆராயும் நேரம் இது அல்ல, அணையுங்கள் என்று மன்றாடினார்.

தீ அணையவில்லை. 1947 ஆகஸ்டில் ரயிலில் காஷ்மீருக்குப் புறப்பட்டவரை ஜலந்தர் நிலையத்தில் கலவரக் கும்பல் சூழ்ந்தது. ஒரு சீக்கிய ராணுவ அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே அதிகாரியும் குறுக்கே வந்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த வாரங்களில் கரோல் பாகில் இருந்த ஜாமியாவின் புத்தகக் கிடங்கு எரிந்து போனது. டெல்லியின் முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் பழைய கோட்டையிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் தஞ்சம் புகுந்திருந்தார்கள். மழை, சேறு, காலரா பயம். ஜாமியாவின் ஆசிரியர்களும் மாணவர்களும் அந்த முகாம்களுக்குள் இறங்கி வேலை செய்தார்கள். கலவரம் ஓய்ந்த பிறகு, டெல்லியின் காயம்பட்ட பகுதிகளில் இந்து, முஸ்லிம், சீக்கியப் பிள்ளைகள் சேர்ந்து வரும் கல்வி மையங்களை நடத்தினார்கள். இருபது ஆண்டுகளாக ஊருக்குள் போய் வந்து பழகிய ஒரு கல்லூரி அது. நெருக்கடி வந்த நாளில் அங்கிருந்தவர்களுக்கு யாரும் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1948-ல் இருபது ஆண்டுக் கெடு முடிந்தது. அந்த நவம்பரில் அவர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். ஒரு காலத்தில் தாம் வெளியேறிய அதே வளாகம். பிரிவினைக்குப் பின் நாடே சந்தேகத்தோடு பார்த்த அந்தப் பல்கலைக்கழகத்தை எட்டு ஆண்டுகளில் நிமிர்த்தி வைத்தார்.

அதே நேரத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்திலும் அவர் உறுப்பினர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அதில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து ஆர்தர் மார்கன் வந்திருந்தார். இவர் அணை கட்டும் பொறியாளர். ஓஹாயோ மாநிலத்து ஆன்டியோக் கல்லூரியின் தலைவராக இருந்து, மாணவர்கள் சில மாதம் வகுப்பிலும் சில மாதம் உண்மையான வேலையிலும் மாறி மாறிப் படிக்கும் முறையை 1920-களில் அங்கே வேரூன்றச் செய்தவர். ஓஹாயோவில் ஒருவரும் டெல்லியில் ஒருவருமாக, ஒரே காலகட்டத்தில், ஒரே கேள்விக்கு விடை தேடிய இருவர் ஒரே ஆணையத்தில் உட்கார்ந்தார்கள். கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும், மாணவர்கள் விருப்பத்தின் பேரில் தேசப் பணியில் ஈடுபட வேண்டும் என்ற பரிந்துரைகள் அந்த ஆணையத்திலிருந்து வந்தன. 1956-ல் நாட்டில் கிராமியக் கல்வி நிறுவனங்கள் தொடங்கப்பட்டபோது ஒன்று ஜாமியாவில் அமைந்தது. இன்னொன்று திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தில்.

பிறகு பதவிகள் வந்தன. 1957-ல் பீகார் ஆளுநர், 1962-ல் குடியரசுத் துணைத் தலைவர், 1963-ல் பாரத ரத்னா, 1967 மே 13-ல் குடியரசுத் தலைவர். மாளிகைத் தோட்டத்தில் ரோஜா வளர்த்தார், பதவியேற்ற பின்னும் தம்மை ஆசிரியராகவே சொல்லிக் கொண்டார். 1969 மே 3 காலையில் வழக்கமான பரிசோதனைக்கு மருத்துவர்கள் வந்திருந்த வேளையில் மாரடைப்பால் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் மறைந்து ஐந்து மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. நம் பிள்ளைகள் போகிற என்.எஸ்.எஸ். கேம்ப் அதுதான். மறு ஆண்டு, 1970-ல், சிவகங்கை மாவட்டம் இளையான்குடியில் நம் சமுதாயத்துப் பெரியவர்கள் ஒரு கல்லூரி தொடங்கி அதற்கு டாக்டர் ஜாகிர் ஹுசேன் என்று பெயர் வைத்தார்கள்.

குடியரசுத் தலைவர்களுக்கு டெல்லியில் யமுனைக் கரை இருக்கிறது. இவரை ஓக்லாவில், ஜாமியா வளாகத்துக்குள், பள்ளிவாசலுக்கும் நூலகத்துக்கும் பக்கத்தில் நல்லடக்கம் செய்தார்கள். பின்னர் ஷாஜஹான் பேகமும் அங்கேயே அடக்கமானார். வகுப்புக்குப் போகிற மாணவர்கள் தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறார்கள்.